பத்து விநாடி ஆயுள்

விடிகாலை நாலரை, தீவு விரைவுச்சாலை.
வேனுக்குள் எண்ணூறு ரொட்டி, இன்னும் சூடு ஆறவில்லை.
மழையில் முன்கண்ணாடி வெறும் வெள்ளை.

யூனோஸ் வருமுன் கருவி ஒருதரம் செருமியது:
மூன்றாம் தடம், முந்நூறு மீட்டர், மரக்கிளை.

கண்டது நானில்லை.
எனக்கு முன்னால் போன ஏதோ ஒரு டாக்சி
பதறி மிதித்ததை,
காகிதப்பூ வேலிக்கு அப்பால்
எதிரே வந்த காய்கறி லாரி காதில் வாங்கி
இந்தப் பக்கம் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.
அந்தக் கிளையால் அதற்கொரு நட்டமும் இல்லை.

மெல்ல மிதித்தேன்.
என் சிவப்பு விளக்கு எரியுமுன்பே
பின்னால் வந்த தொழிலாளர் பேருந்து வேகம் குறைத்தது.
பத்து விநாடி ஆயுள் அந்தச் சொல்லுக்கு;
அப்புறம் எவரிடமும் இருக்காது.

தோ பாயோ கடையில் ஹமீதா கேட்டாள்,
"ஏன் லேட்டு?"
என்னத்தைச் சொல்ல.
திரையில் கணக்கு இருந்தது:
கடத்தியவை ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
உனக்கானது ஒன்று.
மற்றவை யாருடைய அவசரமோ;
ரொட்டி மாதிரிதான், பிரித்துப் பார்ப்பதில்லை.

ராத்திரி, அடுக்குமாடிக் கார் நிறுத்தம்.
எஞ்சினை அணைத்த பிறகும்
கருவியில் ஒரு பச்சைப் புள்ளி இமைத்தது.
பக்கத்து வெள்ளை ஹோண்டாவும் பதிலுக்கு இமைத்தது.
எட்டு வருஷமாய் இதே இடம்.
அதன் சொந்தக்காரர் பெயர்
எனக்கு இன்னும் தெரியாது.