ஆடிக்காற்றை அணைக்கும் பொத்தான்

பெட்டியைப் பிரிக்கவே அரைமணி நேரம் எடுத்துக்கொண்டேன்,
புதுவாசம் ஒருமுறைதான் வரும்.
ஒன்பது தவணை.

விமர்சகர்கள் விமானத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள்.
எனக்குப் பணகுடி இருக்கிறது,
ஆடி மாசம் இருக்கிறது,
தகரம் தடதடக்கும் மொட்டைமாடி.

காதில் மாட்டி
இடதுபக்கப் பொத்தானை ஒரு நொடி அழுத்தினேன்.

காற்று நின்றது.
எங்கே நின்றது,
கொடியில் என் கைலி
வேட்டைக்குப் புறப்பட்ட சுடலைபோல் துள்ளிக்கொண்டிருந்தது.
அத்தனை காற்றாலையும் சுற்றின, ஊமைப்படம்.
என் மூச்சு எனக்கே கேட்டது.
சளி கொஞ்சம் இருக்கிறது.

குறை சொல்லணும்னா
பாஸ் ஒரு பங்கு தூக்கல்,
முப்பது மணி நேரம் என்ற சார்ஜ்
இந்தக் காற்றோடு மல்லுக்கட்டி அவ்வளவு தாங்காது.

ஜெபக்கனி மாடியேறி வந்தாள். வாய் அசைந்தது.
விலையைப் பற்றித்தான் இருக்கும்.
கழற்றி அவள் தலையில் மாட்டினேன்.
எல்.கே.ஜி.யில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளை மேய்க்கிறவள்
கண்ணை மூடி
தண்ணீர்த்தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

பாட்டு போடட்டுமா, சைகையில் கேட்டேன்.
"ஒண்ணும் போடாதீய"
தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

கீழே குக்கர் நாலாவது விசில்.
விசிலை இது முழுசாக அடைக்காது என்று
மூன்று விமர்சனங்களில் படித்திருக்கிறேன்.
அடைத்துவிட்டதுபோலவே
உட்கார்ந்திருக்கிறாள்.