ஈர எடை

சலவைக்கூடத்தில் ஒரே ஒரு விதி:
துணியை ஈரத்தோடு நிறுக்காதே.
ஈரம் பொய் சொல்லும்.
பார்னு கடற்கரைச் சேற்றுக்குளியல் விடுதி,
நாளுக்கு ஆயிரம் துவாலை, பதினொரு வருடம்.
கையில் எடுத்தாலே சொல்லிவிடுவேன்
இதில் பருத்தி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று.

இப்போது செயலி சொல்கிறது: பத்தொன்பது சதவீதம்.
கையில் எடுத்துப் பார்க்க முடியவில்லை.

என்னிடம் இருப்பது இரண்டாயிரத்து நூறு யூரோ,
காரை விற்றதில் மிஞ்சியது.
வங்கியில் தூங்குகிறது. தூக்கத்திலேயே இளைக்கிறது.
வெண்ணெய் விலை ஏறும் ஒவ்வொரு வாரமும்
அதற்கு இன்னும் ஓர் எலும்பு தெரிகிறது.

பக்கத்து இஸ்திரி மேசைக்காரி க்யூல்லி சொன்னாள்:
உன் பணத்தை வாங்கித்தானே வங்கி ஊருக்குக் கடன் கொடுக்கிறது?
நடுவில் நிற்பவனை நகரச் சொல்.
அவள் போன வருடமே போட்டுவிட்டாள்.
லாபம் எவ்வளவு என்றால் சதவீதம் சொல்கிறாள்.
யூரோவில் கேட்டால்
இஸ்திரிப் பெட்டியைப் பார்க்கிறாள்.

ஆகவே நானே உலர்த்துகிறேன்.
இரவுப் பணி முடிந்து, காபி ஆறும்வரை,
மின்கட்டண உறையின் பின்பக்கத்தில்.
பத்தொன்பதிலிருந்து
திருப்பித் தராதவர்களைப் பிழிந்தேன்.
தாமதமாகத் தருபவர்களைப் பிழிந்தேன்.
வரி சொட்டியது.
அவசரத்துக்கு வெளியே வருவதென்றால்
தள்ளுபடி விலையில் யார் தலையிலாவது கட்ட வேண்டும்;
அதுவும் சொட்டியது.
மிஞ்சியது ஆறு. கெட்ட வருடம் ஒன்று வந்தால்
ஆறும் இல்லை, துவாலையும் இல்லை.
வங்கி மூழ்கினால் அரசு கயிறு போடும்.
இங்கே கயிறு கிடையாது என்று
எட்டாம் பக்கத்தில், எறும்பெழுத்தில்,
நேர்மையாகவே எழுதியிருக்கிறார்கள்.

ஆற்றில் போடுவதென்றாலும் அளந்துதான் போட வேண்டும்.
எங்கள் ஆறு இப்போது உறைந்து கிடக்கிறது;
மீன் பிடிக்கப் போகிறவன்கூட
துளையிட்டு, பனியின் கனம் பார்த்துத்தான்
அடுத்த காலை வைக்கிறான்.
சரி, ஐந்து ஐந்தாக உடைக்கலாம்.
முந்நூறு யூரோ, அறுபது பேருக்கு.
அறுபது பேரும் ஒரே நாளில் கைவிரிக்க மாட்டார்கள்
(மரத் தொழிற்சாலை மூடிய வருடம் விரித்தார்கள்.
அதை ஓரமாக வைத்தேன்.)

பிறகு பட்டியலைத் திறந்தேன்.
பெயர் இல்லை. முகம் இல்லை.
பெண், 34, தார்த்து, குளிர்கால டயர்கள்.
ஆண், 27, நார்வா, திருமணம்.
பெண், 62, நோக்கம் எழுதப்படவில்லை.
மனிதர்களை இப்படிப் படிக்க வெட்கமாக இருக்கிறது.
மூன்றாம் பக்கம் வருவதற்குள் அது போய்விடுகிறது.

ஆண், 51, பார்னு, படகு எஞ்சின் மெக்கானிக்.
வாடகை வீடு. பழைய கடன் இரண்டு, தாமதம் ஒன்று.
தரம் ஈ. இருபத்தெட்டு சதவீதம்.
நோக்கம்: பல்.

இந்த ஊரில் எத்தனை படகு மெக்கானிக்குகள் இருப்பார்கள்?
மேல்வீட்டு உர்மோ
இந்தப் பனிக்காலம் முழுக்க இடது பக்கமாகவே மெல்லுகிறார்.
என் சலவை இயந்திரத்தை நான்கு மாடி தூக்கி வந்து
ஒரு காபிகூட வாங்கிக்கொள்ளாமல் போனவர்.
கதவைத் தட்டி நேரில் கேட்டிருந்தால்
கொடுத்திருப்பேனா?
கொடுத்திருந்தால், வட்டி கேட்டிருப்பேனா?
இரண்டுக்கும் இல்லை என்றுதான் வருகிறது.
இன்னொன்றும் இருக்கிறது.
அவர் தவறினால், வசூலுக்கு வருபவர்
என் கதவைத் தாண்டித்தான் படியேறுவார்.
அவர் கையிலிருக்கும் காகிதத்தில்
என் ஐந்து யூரோவும் ஒரு வரியாக இருக்கும்.

விரல் நின்றது.
கடந்து போனேன்.
அது கருணையா கணக்கா, நிறுத்துப் பார்க்கவில்லை.
இரண்டும் ஈரமாக இருந்தன.

மேலே காலடிச் சத்தம், குழாய்ச் சத்தம்.
காபியைச் சுட வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
அந்த வரி பச்சையாகிவிட்டது. தொகை நிறைந்தது.
நானூற்றுப் பன்னிரண்டு பேர் கொடுத்திருக்கிறார்கள்.
ஒருவருக்கும் தெரியாது
அவர் எந்தப் பக்கம் மெல்லுகிறார் என்று.