ஒண்ணுமில்ல, விடு

மாம்பலம் ஸ்டேஷனில்
நடைமேடை திடீரென்று காலியானால்
நானும் ஓடுவேன்.
கூட்டத்தின் முதுகுதான் எனக்கு அறிவிப்பு.
ஒருநாள் அப்படித்தான்
யாரோ சீரியல் நடிகனைப் பார்க்க ஓடியவர்கள் பின்னால் ஓடி
என் தாம்பரம் வண்டியைக் கோட்டைவிட்டேன்.

இடக்காதில் சுத்தமாக இல்லை.
வலக்காதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது,
பவுடர் டப்பாவின் அடியில் இருப்பதுபோல.
தட்டித் தட்டி எடுக்க வேண்டும்.
அதற்கொரு மிஷின்.

"இவ்ளோ தெளிவா பேசறீங்களே,
பார்த்தா அப்படித் தெரியலையே."
பாராட்டுகிறார்களாம்.
எப்படித் தெரிய வேண்டும் என்று
இதுவரை ஒருவரும் எழுதித் தரவில்லை.
தெரிந்ததும் கத்துகிறார்கள்
ஒவ்வோர் எழுத்தாக,
பல் டாக்டரிடம் காட்டுவதுபோல வாயைப் பிளந்து.
கத்த வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும் என்பேன்.
ரெண்டு நிமிஷம் காட்டுவார்கள்.
அப்புறம் போனைப் பார்த்துப் பேசுவார்கள்.

எங்கள் மேனேஜர் தணிகாசலத்துக்கு
உதட்டை மூடும் மீசை.
அதற்குள் என்ன சொல்கிறார் என்று
எட்டு வருஷமாய் யூகித்துத்தான்
சம்பளம் வாங்குகிறேன்.

காது கேளாதோர் சான்றிதழுக்குக்
காலை ஏழு மணிக்கே வரிசை.
உள்ளிருந்து ஒருவர்
குனிந்த தலை நிமிராமல்
பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.
நாங்கள் நாற்பது பேர்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.
"கூப்பிட்டா வர மாட்டீங்களா?"
அவர் வெளியே வந்து கத்தியது மட்டும்
எல்லோருக்கும் புரிந்தது.

பெண் பார்க்க வந்த அன்று
அம்மா என் பின்னலைத் தளர்த்திக்
காதுமேல் இழுத்துவிட்டாள்.
"எதைக் கேட்டாலும் சிரி. போதும்."
சிரித்தேன்.
பையனின் அம்மா ஏதோ கேட்டாள்,
மிக்சர் மென்றுகொண்டே.
தலையாட்டினேன்.
அவர்கள் போனபிறகுதான் தெரிந்தது,
வேலையை விடச் சம்மதித்திருக்கிறேன்.
அன்று ராத்திரியே பையனுக்கு
மெசேஜ் அனுப்பினேன். காதைப் பற்றி, எல்லாவற்றையும்.
அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
எனக்கு அது தெரிய
மூன்று நாள் ஆயிற்று.

சரி, இதெல்லாம் பழகிவிடும்.

பழகாதது
மதியம் டப்பா திறக்கும் நேரம்.
ரெபெக்கா ஏதோ சொல்கிறாள், மேஜையே குலுங்குகிறது.
என் ரசம் தளும்புவதைப் பார்த்து
எவ்வளவு பெரிய சிரிப்பு என்று அளக்கிறேன்.
"என்ன, என்ன சொன்னா?"
கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒருத்தி
என் தோளில் தட்டுகிறாள்.
"ஒண்ணுமில்ல, விடு."

எட்டு வருஷத்து ஒண்ணுமில்லைகள்.
யாருக்கு யார் மேல் கண்,
எந்தக் கடையில் தள்ளுபடி,
யாரை வேலையைவிட்டு எடுக்கப்போகிறார்கள்.
சுகிர்தாவின் அப்பா செத்ததுகூட
ஒரு ஒண்ணுமில்லையில் போய்விட்டது.
அவள் பூ வைக்காமல் வந்ததைப் பார்த்து
ஏன், மல்லி விலை ஏறிடுச்சா என்று
கேட்டுத் தொலைத்தேன்.

நேற்று
மேடவாக்கம் ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர்.
டிரைவர் கண்ணாடியைப் பார்த்து ஏதோ சொல்ல
எட்டு பேரும் சிரித்தார்கள்.
நான் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்தி நாளாயிற்று.
பக்கத்தில் பலாச்சுளைக் கவரோடு இருந்த அம்மா
என் மிஷினைப் பார்த்தாள்.
முழங்காலில் தட்டினாள்.
மொத்த உடம்பையும் என் பக்கம் திருப்பி
ஆரம்பத்திலிருந்து சொன்னாள்:
முந்தாநாள் ஒரு ஆள் ஏறி
காசு தராமல் இறங்கியிருக்கிறான்.
நேற்று அவனே ஏறிப்
பாக்கிச் சில்லறை கேட்டானாம்.

அவ்வளவுதான்.
ரெண்டாம் தடவை சொல்லும்போது
அதில் சிரிக்கக்கூட ஒன்றுமில்லை.

சிரித்தேன்.
சேலையூர் தாண்டியும் அடங்கவில்லை.
கேம்ப் ரோடு சிக்னலில்
மற்றவர்கள் எப்போதோ முடித்திருந்தார்கள்.
எதிரில் இருந்த காலேஜ் பையன்
இயர்போனைக் கழற்றிவிட்டு
என்னக்கா என்றான்.
உதட்டில் பளிச்சென்று தெரிந்தது.

ஒண்ணுமில்ல என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்தது.