உப்புப் பெறாத படங்கள்

உயூனியில் கடை திறந்ததும்
முதலில் பிளாஸ்டிக் டைனோசருக்கு முகம் துடைப்பேன்.
பச்சை. ஒரு சாண் உயரம். வால் நுனி ஒடிந்தது.
எங்கள் நிறுவனத்தின் மூத்த ஊழியர்.
கேமராவுக்குப் பக்கத்தில் அதை வைத்து
ஆளை முப்பது அடி தள்ளி நிறுத்தினால்
வெள்ளை உப்புவெளியில் தூரம் செத்துப்போகும்,
ஆள் அதன் வாய்க்குள் நின்று அலறுவார்.
அலறலுக்கு ஆயிரம் லைக்.

ஜீப் ஓட்டுவதும் உப்பில் குப்புறப் படுத்துப் படமெடுப்பதும்
என் கணவர் ஃபாவுஸ்தினோ.
நான் டயர்க்கடை மாடியில்
சிக்னல் கிடைக்கும் ஒரே ஜன்னலோரம்
ஐம்பதில் நாலைப் பொறுக்கி
வானத்துக்கு இன்னும் கொஞ்சம் நீலம் ஊற்றி
இரவு ஒன்பதுக்கு ஏற்றுவேன்.
ஒன்பதுதான் நல்ல நேரமென்று
லா பாஸ் பயிற்சியில் சொன்னார்கள்.

உப்பின்மேல் மழைநீர் நிற்பது மூன்று மாதம்.
எங்கள் பக்கத்தில் பன்னிரண்டு மாதமும் நிற்கும்.
ஆகஸ்டில் வந்திறங்கி "கண்ணாடி எங்கே?" என்பவர்களிடம்
ஃபாவுஸ்தினோ தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டுவார்.
சிலர் சிரிப்பார்கள்.
சிலர் ஒற்றை நட்சத்திரம் தருவார்கள்.

அந்த ஆகஸ்டில் ஒரு செய்தி.
விலை கேட்கவில்லை, மதியச் சாப்பாடு சேர்த்தியா என்று கேட்கவில்லை.
இயந்திரம் பெயர்த்த நொண்டி ஸ்பானிஷில்:
"மே பதினொன்று. சிவப்புத் தொப்பி. டைனோசரிடமிருந்து ஓடுகிறவன்.
என் மகன் ஓந்த்ரேய்.
இரண்டு வருடமாக அவனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.
அவனுடைய உடைந்த பல் சரியாகிவிட்டதா?"
கீழே: வ்லாஸ்தா, பில்சன்.

பல்.
படத்தைப் பெரிதாக்கினேன்.
ஓடுகிறவன் முகம் நாலு புள்ளியாகக் கலைந்தது.

பேரேட்டில் இருந்தான்:
ஒருநாள் சுற்று, ரொக்கம்,
மறுநாள் காலைக்கு எங்கள் வழியாகவே எடுத்த பேருந்துச் சீட்டு.
ஊர்ப்பெயரும் இருந்தது.
அவன் யாரிடமிருந்து ஓடினான் என்று
டைனோசருக்குத் தெரியாது. எனக்கும்.
"தாய் கேட்கிறாள், கொடு" என்றார் ஃபாவுஸ்தினோ.
கோக்கா இலையை மறுகன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு
"கொடுக்காதே" என்றார்.
அவன் தந்துபோன எண்ணுக்கு எழுதினேன்.
சாம்பல் நிறத்தில் ஒற்றை டிக்.
நாலு நாளும் ஒற்றை டிக்.

ஐந்தாம் நாள் பேரேட்டை மூடிவிட்டுக்
கழித்த படங்களைத் திறந்தேன்.
விளம்பரத்துக்கு உப்புப் பெறாத நாற்பத்தாறு.
கண் சொருகியவை, பாதித் தலை போனவை.
காற்றில் உருளும் தொப்பியைத் துரத்துகிறான்.
கீன்வா சூப்பின் ஆவிக்குள் மூக்கு மட்டும் தெரிகிறான்.
குதிக்கச் சொன்னபோது தவறி விழுந்து
விழுந்தபடியே சிரிக்கிறான்,
முன்வரிசையில் ஒரு பல் மட்டும்
மற்றதைவிட வெளுப்பாக.

நீலம் ஊற்றவில்லை.
கடைசிப் படத்தில் அவன் கையிலிருந்த சீட்டை மட்டும் வெட்டினேன்.
"பல் சரியாகிவிட்டது. சூப் இரண்டு தட்டு குடித்தான்."
எங்கே போனான் என்று கேட்பாளென
விரல் நடுங்கக் காத்திருந்தேன்.
கேட்கவில்லை.

அன்றுமுதல் ஒன்பது மணிக்கு எதை ஏற்றினாலும்
முதல் இதயம் அவளுடையது.
அங்கே விடியற்காலை மூன்று.
துருப்பிடித்த ரயில்களுக்கு, கள்ளி முளைத்த தீவுக்கு,
குழுவாக வந்தால் பத்து சதவீதம் தள்ளுபடிக்கும் கூட.
கூட்டத்தில் எல்லாத் தொப்பிகளையும்
பெரிதாக்கிப் பார்க்கிறாளாயிருக்கும்.
கணக்குப் பலகை அவளை
"மீண்டும் மீண்டும் வருபவர்" என்கிறது.
இப்படிப்பட்டவரை விடாதே, சலுகை அனுப்பு என்றது பயிற்சி.
அனுப்பவில்லை.

முன்பதிவுத் தாளில் இப்போது ஒரு கட்டம்:
உங்கள் படத்தைப் போடலாமா?
முக்கால்வாசிப் பேர் படிக்காமலே ஆம் என்கிறார்கள்.
நேற்று ஒருத்தி
பேனாவை அந்தக் கட்டத்தின்மேல் பிடித்தபடி
வெகுநேரம் நின்றாள்.
நான் டைனோசரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு
டீ போடப் போனேன்.