அந்தச் சொல்லுக்குத் தமிழில்

தண்டையார்பேட்டையில் பேட்டரிக் கடைக்கு மேல்மாடி
எங்கள் சபை.
கீழே ஆசிட் நெடி.
மேலே வாடகை நாற்காலி முப்பத்தேழு.
பலிபீடம் ஒரு பள்ளிக்கூட மேசை,
ஆடும் காலுக்கு அடியில்
மடித்து வைத்த மின்கட்டண ரசீது.

பிரதம பேராயர் வந்திருந்தார்.
நைல் புறப்படும் ஏரிக்கரையிலிருந்து
மூன்று விமானம் மாறி,
எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
ஒன்றரை மணி நேரம் நின்று.
இறங்கியதும் கேட்டார், கடல் எந்தப் பக்கம்?
காட்டினோம்.
பெட்டிகள்தான் தெரிந்தன.

மொழிபெயர்ப்பு நான்.
வாரத்தில் ஆறு நாள் சரக்கு முனையத்தில்
சுங்கத் தாள் எழுதுகிறவன்.
பெட்டியைத் திறக்காமலே
உள்ளே என்ன என்று எழுதப் பழகியவன்.

அவர் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம்.
மேற்கே மேய்ப்பர்கள் வழி தப்பினார்கள் என்றார்.
சொன்னேன்.
கல்யாண ஆராதனையை மாற்றி எழுதுகிறார்கள் என்றார்.
சொன்னேன்.
எங்களில் யாரும் மேற்கே போனதில்லை,
ரூபாவதி அக்காவின் மருமகன் மட்டும்
கத்தாரில் வெல்டர்.
ஆனாலும் ஆமென் என்றார்கள், பலமாக.
வேதத்தைக் கைவிடாத சபைகள்
கண்டம் கண்டமாய்க் கைகோர்க்கின்றன என்றார்.
சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது.
முப்பத்தேழு நாற்காலிக்கு
இத்தனை சொந்தமா.

பிறகு சொன்னார்:
நாம் ஆர்த்தடாக்ஸ்.

வாய் திறந்தேன்.
அகராதி என் நாக்கில் வைத்திருந்த சொல்
வைதீகர்.

முன்வரிசையில் லோகோ ஒர்க்ஸ் அடைக்கலம்,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
இடது காது மந்தம்.
வைதீகர் தெருவில் நிழல் விழுந்ததற்கு
அடிபட்டு ஓடி, பட்டணம் சேர்ந்து,
ஞானஸ்நானத் தொட்டியில்தான் முதன்முதலாக
யாரும் தடுக்காத தண்ணீரைத் தொட்டவர்களின்
நாலாம் தலைமுறை.
அவர் முகத்தைப் பார்த்து
நாம் வைதீகர் என்று எப்படிச் சொல்ல?
போதகரை ஐயர் என்கிறோம், அது வேறு,
சொல்லிச் சிரித்துப் பழகிவிட்டது.
இது சிரிப்பில் அடங்காது.

ஃபேன் சுற்றியது.
பேராயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.
காதில் விழவில்லை என்று நினைத்து
இன்னொரு முறை சொன்னார்.

அப்போது எதிர்ச்சாரியில்
தாய்ச்சபையின் மணி.
நாடு இரண்டாய்ப் போன அதே வருஷம்
நாலு சபைகள் ஒன்றாய்ச் சேர்ந்த சி.எஸ்.ஐ.
அதிலிருந்து நாங்கள் வெளியே வந்து நாலு வருஷம்.
உயர்நீதிமன்றத்தில் வழக்கு எண் எனக்கு மனப்பாடம்.
அங்கே பாடகர் குழுவில் ஆல்டோ வரிசை, இரண்டாவது ஆள்,
என் அக்கா ஹெலன்.
கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுப் பிரியாணி வரும்,
தூக்கின் மேல் பெயர் இல்லாமல்.

ஜனவரியில் அடைக்கலத்தின் மனைவி சலோமி போனபோது
கல்லறைத் தோட்டத்துக் கமிட்டி
சந்தா ரசீது கேட்டது.
எந்தச் சபை என்று கேட்டது.
மாலை ஐந்தரை வரை
ஐஸ் பெட்டியோடு வண்டி வாசலில்.
நாங்கள் பதினோரு பேர் அப்போது
எந்தக் கண்டத்துக்குப் போன் செய்வதென்று
தெரியாமல் நின்றோம்.
ஹெலன் ஆட்டோவில் வந்தாள்.
தன் சந்தா அட்டையை நீட்டினாள்.
உறவுமுறை என்ற கட்டத்தில்
சகோதரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.
சலோமியோடு அவள்
பத்து வார்த்தை பேசியிருப்பாளா, தெரியாது.
தாள் எழுதிப் பிழைக்கிற நான்
அது பொய்த் தாளா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

மணி ஓய்ந்தது.
முப்பத்தேழு நாற்காலியும் என்னைப் பார்த்தன.
சொன்னேன்:
நாம் கைவிடாதவர்கள்.

பேராயர் தலையசைத்தார்,
அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு இழுத்தார்.
அதற்குள் அடைக்கலம்
நல்ல காதை என் பக்கம் திருப்பி,
மந்தக் காதுக்காரர்கள் பேசுகிற சத்தத்தில்,
"யாரைப்பா?" என்றார்.

கூடம் அமைதியானது.
பேராயர் புன்னகையோடு என் பக்கம் குனிந்தார்,
பெரியவர் என்ன கேட்கிறார்
என்று என்னைக் கேட்டார்.