இருபது வளைவுகள், பத்தொன்பது பட்டைகள்

அஸ்தம்பட்டி அலுவலகத்தில் மின்விசிறி
இரண்டாம் எண்ணுக்கு மேல் போகாது.
ஏற்காடு மலைப்பாதை, ஐந்து வருட விபத்துகள்,
வளைவுக்கு ஒரு பட்டை.
திங்கட்கிழமை கலெக்டர் மீட்டிங்குக்கு வேண்டும் என்றார்
உதவிப் பொறியாளர் தனபாக்கியம்.

ஆர் மொழியில் ஒற்றை வரிதான். தட்டினேன்.
ஒன்றாம் வளைவுக்குப் பக்கத்தில் பத்து நிற்கிறது,
அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு.
பத்தொன்பதைத் தாண்டித்தான் இரண்டு,
இரண்டின் தோளில் இருபது.
எண்ணை எழுத்தென்று வாசித்திருக்கிறது.
இந்த வரிசையில் பஸ் விட்டால்
அடிவாரத்திலிருந்து பாதி மலைக்கு ஒரே தாவல்.
வரிசை இதுவென்று விரல்விட்டுச் சொல்லிக்கொடுத்தேன்.
மலை தன்னை அடுக்கிக்கொண்டது.

"அச்சை அஞ்சுல இருந்து ஆரம்பியேன்,
உயரமானது இன்னும் உயரமாத் தெரியும்."
காலை வெட்டினால் பட்டை இல்லை மேடம்,
பூஜ்யத்திலிருந்துதான்.
அவர் சிரிக்கவில்லை.
டீ வந்தது, சர்க்கரை தூக்கலாக.

எண்ணிப் பார்த்தேன்.
பதினான்குக்கு மேலே ஒன்றுமில்லை.
கீழே சிவப்பு எழுத்தில், பணிவாக:
மதிப்பில்லாத ஒரு வரிசை நீக்கப்பட்டது.

பதிவேட்டில் அங்கே பூஜ்யமும் இல்லை.
ஒரு சின்னக் கோடு.

ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்.
ஏட்டு அமலதாஸ் பக்கம் புரட்டுவது கேட்டது.
"சில்வர் ஓக் ஏத்தின லாரிங்க. மேகம் எறங்கின ராத்திரி.
பதினாலுல சறுக்கி பதிமூணு மேல விழுந்துச்சு.
எந்தக் கணக்குல எழுதறதுன்னு
கேட்டுச் சொல்றேன்னு கோடு போட்டிருக்காரு."
கேட்டாரா?
"வாழப்பாடிக்கு மாத்திட்டாங்க."

பதிமூன்றிலேயே சேர்த்துவிடு என்றார் மேடம்,
அது ஏற்கெனவே நெட்டைப் பட்டை,
ஒன்று கூடினால் யாருக்குத் தெரியும்.
அரை ஆளை அங்கேயும் அரை ஆளை இங்கேயும்
வைத்தாலும் மொழி மறுக்காது;
பின்னத்துக்கும் அதனிடம் உயரம் உண்டு.

அவர் வண்டி எடுக்கப் போன பிறகு
பதினான்கில் ஒன்று என்று அடித்தேன்.
மறுபடி ஓட்டினேன்.
தரையோடு ஒரு செங்கல் கனம்.

அந்த வரிக்கு மேலே இடம் விட்டு
இன்னும் இரண்டு வரி.
ஹாஷ் போட்டதை மெஷின் படிக்காது,
தாண்டிப் போய்விடும்.

# 14இல் வழுக்கி 13இல் விழுந்தது.
# கிளீனர் வேடியப்பன், வயது 22, நாகலூர்.