உருப்படி பதினான்கு

கூரைப் பலகையைக் கழற்றியதும்
முதலில் விழுந்தது தூசி.
பிறகு ஒரு புறாவின் எலும்புக்கூடு.
பிறகு, எப்படிப் போனதோ, ஒரு கல்யாணப் பத்திரிகை.
யாருடையது என்று கீழே கூட்டம் கூடிவிட்டது.
நான் ஏணியில் நின்று
காற்றுக்குழாயின் கிழிசல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெட்டூர்ணிமடத்தில் ஒரு சீட்டுக் கம்பெனி,
இரண்டாம் மாடி, முப்பத்தொரு நாற்காலி.
ஜன்னல் பதினாறு.
ஏ.சி. வந்த வருடம் பிளைவுட் அடித்து
மேலே பெயின்டும் பூசிவிட்டார்கள்.

வடக்கு மூலையில் லில்லி புஷ்பம்
சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டு
வட்டி கணக்கிடுகிறார்.
அவர் தலைக்குமேல் காற்று இறங்கும் சட்டத்தில்
செய்தித்தாள், அதன்மேல் நாலு சுற்று செலோடேப்.
மேற்கு மூலையில் ஜெர்லின்
தவணை அட்டையால் விசிறிக்கொள்கிறாள்.
மானேஜர் தாணுமாலயனுக்கு
மத்தியானம் மூன்று மணியானால் தலைவலி.
"வயசாகுதுல்லா" என்றார்.
மீட்டரை நீட்டிக் காட்டினேன்:
கரியமில வாயு ஆயிரத்து எண்ணூறு.
வயசு இல்லை சார்,
ஒருத்தர் விட்ட மூச்சை
இன்னொருத்தர் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்,
பதினோரு வருடமாக.

சுவரில் ஒரு திருகு.
பதினெட்டு முதல் முப்பதுவரை எண் போட்டது.
அதனால் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்கள் உண்டு இங்கே.
லில்லி கூட்டுவார். ஜெர்லின் குறைப்பாள்.
"இப்பத்தான் கொஞ்சம் பரவாயில்ல" என்று
இருவருமே சொல்வார்கள், ஐந்து நிமிட இடைவெளியில்.
ஒருமுறை தாணுமாலயன் பெட்டி செய்து பூட்டுப் போட்டார்.
சாவி தொலைந்தது.
பூட்டை உடைத்த கூலி நாற்பது ரூபாய்,
வவுச்சர் இருக்கிறது.

ஆன்றோ மூடியைக் கழற்றிவிட்டு
மெதுவாகக் கூப்பிட்டான்.
இரண்டு வயர்.
சுவருக்குள் ஒரு முழம் போய்
முனையில் டேப் சுற்றி நிற்கின்றன.
எதனோடும் சேரவில்லை.
ஒருநாளும் சேர்ந்ததில்லை.

அவன் என்னைப் பார்த்தான்.
மூடியைத் திரும்ப மாட்டச் சொன்னேன்.

மொட்டைமாடிக்குப் போனோம்.
ஆனிக் காற்று ஆளைத் தள்ளியது.
ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடிதான்
தண்ணீர்த் தொட்டி பார்க்க வருவார் வாட்ச்மேன்.
இதே காற்று
அடைத்த பதினாறு ஜன்னலையும் உரசிக் கிழக்கே ஓடி
ஆரல்வாய்மொழியில் மலையிடுக்கில் நெருக்குண்டு
முப்பந்தலில் இறக்கை இறக்கையாகச் சுற்றி
கரண்டாகிக் கம்பியேறித் திரும்பி வந்து
கூரைக்குமேல் பழைய கம்ப்ரஸரை உறுமவைத்து
லில்லி புஷ்பத்தின் பின்கழுத்தில்
குளிராக விழுகிறது.
வழியில் எத்தனை கை,
எத்தனை கமிஷன்.

ஒன்பது ஞாயிற்றுக்கிழமை வேலை.
பிளைவுட்டைப் பெயர்த்தோம்; பின்னால் கரப்பான் ஊர்.
எட்டு ஜன்னலுக்குப் புதுக் கீல்,
எட்டுக்கு இரட்டைக் கண்ணாடி.
உப்பு தின்ற வெளிப்பெட்டிகளை
ஆக்கர் கடைக்காரர் எடைக்கு எடுத்துப்போனார்.
ஆள் இருந்தால் ஓடி, எழுந்தால் அடங்குகிற மெஷின்.
வெளிக்காற்றுக்குத் தனிக் குழாய், வடிகட்டியோடு.
இருபத்தைந்தில் நிறுத்தினேன்.
ஆடி முழுக்கக் காலையில் ஜன்னல் போதும்
என்று எழுதிக் கொடுத்தேன்.
"லட்சக்கணக்குல போட்டு வாங்கினத
ஓட்டாம வைக்கவா?" என்றார் முதலாளி.
முதல் கரண்ட் பில் வந்தபிறகு கேட்கவில்லை.

ஸ்வெட்டர் கொஞ்ச நாள்
நாற்காலி முதுகில் தொங்கியது, பழக்கதோஷத்தில்.
தாணுமாலயனுக்கு இன்னமும் வயசாகிறது;
மூன்று மணிக்கு மட்டும் ஆவதில்லை.

கடைசி நாள் பெயின்டர்
சுவரைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்,
இந்தத் திருகை எடுத்துரட்டா?
லில்லியும் ஜெர்லினும்
ஒரே குரலில்,
"அது அங்கன கெடக்கட்டும்."
அன்றுதான் முதல்முறை என்று
பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

அறிக்கையில்
பதின்மூன்று உருப்படிக்கும்
பழையது, புதியது, விலை, உத்தரவாதம்
எழுதி முடித்தேன்.
பேனா கொஞ்சம் நின்றது.

உருப்படி பதினான்கு.
சுவர்த் திருகு, ஒன்று.
பழுது ஏதுமில்லை.